பட்டாளத்து மருத்துவப் படிப்பு: பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் – மாணவர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்பது கொடியேற்றம், தேர்ப்பவனி, நாடகம், அன்பின் விருந்து என்பவற்றோடு நின்றுவிடலாகாது, பிள்ளைகளின் வருங்காலத்தைப் பற்றியும் ஒரு நாள் கூடியிருந்து பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் நீட் முடிவும் வந்த நாள்முதல் பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோர் பலர் கேட்பது ஒரே கேள்வி. "சாமி, பூனாவில் பட்டாளத்துக்காரர்கள் காசு வாங்காமலே டாக்டருக்குப் படிக்க வைக்கிறார்களாமே, பிள்ளையை அனுப்பலாமா?" இதற்கு ஆம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் விடை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த மேடையிலேயே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யன்று. பூனாவில் படைத்துறை மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, டாக்டர் பி. சி. ராய் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, அங்கங்கே சிதறிக் கிடந்த படை மருத்துவப் பிரிவுகளை ஒன்றுசேர்த்து 1948ஆம் ஆண்டு மே முதல் நாளில் அதைத் தொடங்கினார்கள். முதலில் அது ஏற்கெனவே டாக்டர்களாக இருந்தவர்களுக்கு மேற்பயிற்சி தரும் இடமாகவே இருந்தது. பட்டாளத்துக்குப் போதுமான டாக்டர்கள் வந்து சேரவில்லை. சரி, நாமே பிள்ளைகளை எடுத்து வளர்ப்போம் என்று 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் எம்.பி.பி.எஸ். வகுப்பைத் திறந்தார்கள். அடுத்த அக்டோபரில் சீனப் போர் மூண்டது. முதல் வகுப்புப் பிள்ளைகள் படித்து முடிக்குமுன் 1965ஆம் ஆண்டுப் போரும் வந்து போயிற்று. இந்தக் கல்லூரி எதற்காகப் பிறந்தது என்பதை இந்த ஆண்டுகளே சொல்லும். ஏழைகளுக்குக் கல்வி வழங்க வேண்டும் என்ற தர்மச் சிந்தையால் அது தோன்றவில்லை. பட்டாளத்துக்கு டாக்டர் தேவை. அந்தத் தேவைக்காகவே நம் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள். இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் பெற்றோர் இதை அறிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 150 பேரைச் சேர்க்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 30 பேர் அளவில் இருப்பார்கள். நீட் மதிப்பெண் இருந்தால் மட்டும் போதாது. ஆங்கில அறிவையும் தர்க்க அறிவையும் சோதிக்கும் ஒரு தேர்வு உண்டு, மனநிலையைப் பார்க்கும் சோதனை உண்டு, நேர்முகம் உண்டு, உடல் பரிசோதனையும் உண்டு. மணமாகாதவராக இருக்கவேண்டும். படிக்கும் காலத்தில் மணம் செய்துகொள்ளவும் கூடாது. தேறிவிட்டால் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசின் பொறுப்பு. இறுதித் தேர்வு முடிந்ததும் படைத்துறை அதிகாரியாக நியமனம் கிடைக்கும். தரைப்படைக்குப் போகிறவர் லெப்டினென்ட். விமானப்படைக்கும் கடற்படைக்கும் போகிறவர்களுக்கு அதற்கு நிகரான பதவிகள். பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் படை மருத்துவமனைகளிலேயே கழிக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்கும் தகப்பனாரின் முகம் மலர்வது இயல்பு. தனியார் கல்லூரியில் ஒரு பிள்ளையை டாக்டராக்க எத்தனை இலட்சம் ஆகிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். நிலத்தை விற்றவர்கள், தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்கள், வட்டிக்கு வாங்கி வட்டியை மட்டுமே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். ஆகவே, "காசு மிச்சம் என்பதற்காகப் பிள்ளையைப் பட்டாளத்துக்குத் தள்ளுகிறார்கள்" என்று பிறரைப் பற்றி இலேசாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு சொல். வசதியுள்ளவன் பேசுகிற பேச்சு அது. நல்ல மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைக்கு நேர்மையாகத் திறந்திருக்கும் கதவுகள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. அதை நாடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இலவசம் என்ற சொல்லை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இங்கே விலை உண்டு. அதைப் பணமாக அல்லாமல் ஆண்டுகளாகக் கொடுக்கிறோம், அவ்வளவே வேறுபாடு.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். சேரும்போதே பிள்ளையும் பெற்றோரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். படித்து முடிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நிரந்தரப் பணி. மற்றவர்களுக்குக் குறுகிய காலப் பணி. குறுகியது என்ற பெயரைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம், அதுவே ஏழாண்டு. யாருக்கு எது வாய்க்கும் என்று சேரும் நாளில் எவராலும் சொல்ல முடியாது. பதினெட்டு வயதில் உள்ளே போகிற பிள்ளை ஐந்தரை ஆண்டு படித்து, ஏழாண்டு பணியாற்றி வெளியே வரும்போது முப்பதைத் தொட்டிருப்பான். அதற்குள் அவனுடன் பள்ளியில் படித்து வேறு கல்லூரிக்குப் போன பையன் எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ முடித்து ஊரில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கலாம். பட்டாளத்திலும் மேற்படிப்பு உண்டு, நல்ல படிப்பே. ஆனால் சில ஆண்டுகள் படைப்பிரிவுகளில் பணியாற்றிவிட்டு, போட்டியிட்டுப் பெறவேண்டும். இன்னொன்றையும் பலர் கேட்டுவைத்துக்கொள்வதில்லை. பட்டாள அதிகாரிக்கு ஓய்வூதியம் வேண்டுமானால் பொதுவாக இருபதாண்டுப் பணி வேண்டும். ஏழாண்டு முடித்து வருகிறவருக்கு அது கிடையாது. "பட்டாளத்துக்குப் போனால் பென்ஷன் நிச்சயம்" என்று நம் ஊரில் சொல்வதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக்கூடாது.

நமது பங்கில் அமெரிக்காவுக்குக் குடிபோன குடும்பங்கள் சில உண்டு. அங்கேயும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இத்தகைய ஏற்பாடு வந்தது. பொதுவான மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவனுக்குப் பட்டாளம் கட்டணம் கட்டி, மாதந்தோறும் கைச்செலவுக்கும் பணம் தருகிறது. ஓராண்டு உதவிக்கு ஓராண்டு பணி என்பது பொதுவான கணக்கு. அதே சட்டத்தால் பெதஸ்தா என்ற ஊரில் படைத்துறைக்கென்றே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. யோவான் நற்செய்தியில் நோயாளிகள் காத்துக் கிடந்த குளத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது! அங்கே படித்தாலும் ஏழாண்டுப் பணிதான். ஆக, எந்த நாட்டுப் பட்டாளமும் இளைஞனிடம் கேட்பது ஒன்றையே, அவனுடைய நல்ல ஆண்டுகளை.

சரி, அந்த ஆண்டுகளில் பட்டாளத்து டாக்டர் என்ன செய்கிறார்? இதைத்தான் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதே இல்லை! எத்தனை மதிப்பெண் வேண்டும், எந்தப் புத்தகம் படிக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். செய்யப்போகும் வேலையைப் பற்றிக் கேட்பாரில்லை. ஆகவே கேளாமலே சொல்கிறோம்.

இளம் டாக்டரை முதலில் ஒரு படைப்பிரிவோடு அனுப்புவது வழக்கம். ஏறத்தாழ எண்ணூறு வீரர்களுக்கு அவர் ஒருவரே டாக்டர். உதவிக்கு மருத்துவ உதவியாளர்கள் சிலர். பெரிய அறுவைச் சிகிச்சை எதுவும் அங்கே நடக்காது. குடிநீர் சுத்தமா என்று பார்ப்பார். சமையற்கூடத்தையும் கழிப்பிடத்தையும் பார்ப்பார். வீரர்களை வரிசையாக உட்காரவைத்துப் பாதங்களைச் சோதிப்பார். சிரிக்க வேண்டாம். பனியில் நின்ற கால் கெட்டுப்போனால் விரல்களை இழக்கவேண்டி வரும். லடாக் போன்ற உயரமான இடங்களில், நல்ல உடற்கட்டுள்ள இருபது வயது வாலிபன் மேலே போன இரண்டு மூன்று நாளில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிச் சாகக்கூடும். உடனே கண்டுகொண்டு பிராணவாயு கொடுத்துக் கீழே இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். மலை உயரத்தில் வரும் நோயைப் பற்றி நம் நாட்டுப் படை மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1969ஆம் ஆண்டில் வெளிநாட்டு மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்து, மலையேறும் மக்கள் எல்லாருக்கும் பயன்பட்டது. இமயத்து எல்லையில் ஒரு டாக்டர் மட்டும் உள்ள முகாமுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பிரசவ வலிக்காரியும் வந்து சேர்வாள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு செய்யவோ, பெரிய டாக்டரை அழைத்துவரச் சொல்லவோ அங்கே வசதி இராது. தனிமையைத் தாங்கும் பிள்ளையா நம் பிள்ளை என்பதைத் தாயார்தான் சொல்லவேண்டும். மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது.

துப்பாக்கி ஏந்தும் இடத்தில் கத்தோலிக்கப் பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்விதான். நாட்டு மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியம் செய்பவராகப் படைவீரர் தம்மைக் கருதவேண்டும் என்று 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. மருத்துவர் விஷயத்திலோ இன்னும் தெளிவு உண்டு. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி காயமுற்றவன் எந்தப் பக்கத்தவன் என்று பாராமல் சிகிச்சை செய்யவேண்டும். எதிரியின் காயம் அதிகம் என்றால் எதிரிக்கே முதலிடம். அதற்கு ஈடாக மருத்துவரைத் தாக்கக்கூடாது என்று அதே உடன்படிக்கை விதிக்கிறது. இந்தப் பாதுகாப்பைப் பெறும் மற்றொரு கூட்டம் யார் தெரியுமா? படையோடு செல்லும் குருக்கள். சட்டம் எழுதியவர்கள் நம்மையும் டாக்டரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

புனித கமில்லஸ் வரலாற்றைச் சிலர் படித்திருப்பீர்கள். 1550ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்தவர். வெனீசு நாட்டுப் பட்டாளத்தில் சேவகர். சூதாட்டக்காரர், முரடர், மேல்சட்டையைக்கூடச் சூதில் இழந்தவர் என்பார்கள். காலில் ஆறாத புண். அந்தப் புண்ணோடு உரோமை மருத்துவமனையில் கிடந்து, நோயாளிகள் படும் பாட்டைக் கண்டவர், மனம் திரும்பியபின் நோயாளிகளுக்கென்றே ஒரு சபையை ஏற்படுத்தினார். 1586ஆம் ஆண்டில் அந்தச் சபையார் தங்கள் கறுப்பு அங்கியின்மேல் செஞ்சிலுவை அணிய அனுமதி பெற்றார்கள். இன்று நாம் காணும் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கு முந்திய சங்கதி இது. 1595லும் 1601லும் ஹங்கேரி, குரோவேஷியா போர்முனைகளுக்குத் தம் துறவிகளை அனுப்பிக் காயம்பட்டவர்களைப் பராமரிக்கச் செய்தார். பட்டாளத்தில் நோய்வாய்ப்பட்டவனின் கதி அவருக்குப் புத்தகத்தில் படித்து வந்த அறிவன்று.

இத்தனை தூரம் போகவேண்டாம், நம் தமிழரிலேயே ஒருவர் உண்டு. 1950ஆம் ஆண்டில் கொரியாவில் போர் மூண்டபோது இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை. 60ஆம் பாராசூட் மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பிற்று. அதன் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவர்கள் போய்ச் சேர்ந்த சில நாட்களில் சீனப் படை பெருக்கெடுத்து வர, எல்லாரும் பியோங்யாங் நகரை விட்டுப் பின்வாங்கினார்கள். மருத்துவப் பிரிவிடம் வண்டிகள் இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரவும் மனமில்லை. எங்கோ நின்ற ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க வீரர்களோடு சிறு மருத்துவக் குழுவாக விமானத்திலிருந்து குதித்தும் பணிசெய்தார்கள். 1954ஆம் ஆண்டு திரும்பும்வரை அவர்கள் கவனித்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என்கிறார்கள். இவர்களில் கொரிய நாட்டுச் சாதாரண மக்களும் உண்டு. ரங்கராஜுக்கு நமது அரசு மகாவீர் சக்கரம் அளித்தது. தென்கொரியா 2020ஆம் ஆண்டில்கூட அவரை மறவாமல் அந்தப் போரின் வீரராக அறிவித்துச் சிறப்பித்தது.

பெண் பிள்ளைகளின் தாய்மாருக்கும் ஒரு செய்தி. பூனா கல்லூரியில் 1963ஆம் ஆண்டில் மாணவியாகச் சேர்ந்த புனிதா அரோரா 2004ஆம் ஆண்டில் அதே கல்லூரிக்குத் தலைவரானார். இந்தியப் படையில் லெப்டினென்ட் ஜெனரல் ஆன முதல் பெண்மணியும் அவரே. ஆகவே, பெண் பிள்ளை தாங்குவாளா என்ற கேள்வி பழைய கேள்வி. அதை விட்டுவிடலாம்.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். போரைவிட அன்றாட வேலையில்தான் பட்டாளத்து டாக்டரின் மனச்சாட்சிக்குச் சோதனை அதிகம் என்பது நமது எண்ணம். வெளியே ஒரு டாக்டருக்கு எஜமான் ஒருவரே, நோயாளி. பட்டாளத்தில் நோயாளி ஒருபுறம், தளபதி மறுபுறம். முதுகுவலி என்று ஒரு சிப்பாய் வருகிறான். மெய்யா, வேலைக்குத் தப்புகிறானா? தளபதிக்கு நாளைக் காலை ஆட்கள் வேண்டும். தகுதி உண்டு என்று டாக்டர் எழுதினால் அவன் மலைமேல் ஏறியாக வேண்டும். தகுதி இல்லை என்று எழுதினால் அவனுடைய உடல்தரம் குறைந்து, பதவி உயர்வு தடைப்பட்டு, வீட்டில் அவன் மனைவி மக்கள் வரை அது பாதிக்கும். மனம் ஒடிந்துபோன வீரன் ஒருவன் டாக்டரிடம் தனியாகச் சொன்னதை எவ்வளவு மறைக்கலாம், எவ்வளவு மேலிடத்துக்குச் சொல்லவேண்டும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்பவனுக்குச் சட்டம் தெளிவு. அங்கே எதையும் வெளியே சொல்ல இடமில்லை. டாக்டருக்கு அந்தத் தெளிவு கிடையாது. இருபத்துமூன்று வயதில் இத்தகைய கையெழுத்துகளை அவன் போடவேண்டும். அதற்கு வேண்டிய முதுகெலும்பைக் கல்லூரி மட்டும் தந்துவிடாது. வீட்டிலிருந்தும் கொண்டுபோக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெற்றோர் சிலர் நம் காதோடு கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். "சாமி, படித்து முடித்ததும் பத்திரப் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாமாமே?" வரலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. தொகை அண்மை ஆண்டுகளில் அறுபது இலட்ச ரூபாய்க்கும் மேல். அந்த அளவு பணம் உள்ள வீடு ஏழைப் பிள்ளைக்கான கதவில் நுழைந்தது ஏன் என்று நாம் திருப்பிக் கேட்போம். 150 இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால், உண்மையிலேயே சீருடை அணிய ஆசைப்பட்ட ஒரு பிள்ளை எங்கோ ஒரு கிராமத்தில் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான் என்று பொருள். நோய், பெற்றோரின் மரணம் போன்ற காரணங்களால் ஒருவர் வெளியே வர நேரிடலாம். அதைக் குறை கூறவில்லை. ஆனால் சேரும் நாளிலேயே வெளியேறும் நாளை மனத்தில் குறித்துக்கொண்டு கையெழுத்திடுவது பொய்ச் சத்தியம். இதை மென்மையாகச் சொல்ல நமக்கு வழி தெரியவில்லை.

அதே வேளையில் பட்டாளத்தார் கேட்பதும் சிறிய வாக்கன்று. குருமடத்தில் நமக்கும் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள். பத்திரம் எவரும் எழுதி வாங்கவில்லை. தத்துவம், இறையியல் என்று பல ஆண்டுகள் உள்ளே வைத்துப் பார்த்து, ஒவ்வோராண்டும் "போக விருப்பமானால் போகலாம்" என்று சொல்லி, இருபத்தைந்து வயதுக்குப் பிறகே இறுதி வாக்கைக் கேட்டார்கள். பட்டாளமோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் கேட்கிறது. மீசை அரும்பாத வயதில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுப்பவன் எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கவேண்டாமா? தகப்பனார் ஆசைப்பட்டார், மாமா சொன்னார், கடன் அடையும் என்றார்கள் என்பதெல்லாம் பனிமலைமேல் இரண்டாம் ஆண்டில் நினைத்துப் பார்த்தால் ஆறுதல் தராது. நானே விரும்பி வந்தேன் என்பது ஒன்றுதான் அங்கே தாங்கும்.

வேறு வழிகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் தாங்கக்கூடியதே. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு நமது மாநிலத்தில் 2020ஆம் ஆண்டுமுதல் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. வேலூரிலும், நமது ஆயர் பேரவை 1963ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் கல்லூரியிலும், படித்தபின் சிற்றூர் மருத்துவமனைகளில் பணியாற்றும் கடமை உண்டு. அங்கேயும் விலை ஆண்டுகள்தான். இடம் மட்டும் வேறு. சேவைக்கு ஆசை, சீருடைக்கு ஆசை இல்லை என்கிற பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கட்டும்.

நமது பங்கில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் மருத்துவப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றிய இருவர் நமது வேண்டுகோளுக்கு இணங்கி, வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு இல்லத்தில் இருப்பார்கள். டாக்டர்களுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள். நல்லதையும் சொல்வார்கள், கெட்டதையும் சொல்வார்கள். அந்த ஆண்டுக்கான பத்திர வாசகத்தையும் தொகையையும் விதிமுறைகளையும் முதலில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்ப்போம். ஆங்கிலம் புரியாத தாய்மாருக்கு நாமே தமிழில் சொல்கிறோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளை வீட்டில் இருக்கப் பெற்றோர் மட்டும் வந்தால், அடுத்த ஞாயிறு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவோம்.